வேலைக்கும் வேட்டைக்கும் ஒரே வண்டி: சைட்-பை-சைட் வாங்குமுன் நம்பகத்தன்மையை எடைபோடும் முறை

சைட்-பை-சைட் வண்டிகளைப் பற்றிப் பேச்செடுத்தாலே புதியவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "எந்தக் கம்பெனி வண்டி பழுதாகாது?" என்பதுதான். அதற்கு நேரடியாகப் பதில் சொல்வதை நான் நிறுத்தி நெடுநாள் ஆகிறது. பழுதாகாத வண்டி என்று ஒன்று கிடையாது. பதிலுக்கு நான் இரண்டு கேள்விகள் கேட்பேன். வண்டி பெரும்பாலான நாட்களில் என்ன வேலை செய்யப்போகிறது? அது நின்றுபோகும் நாளில் நீங்கள் எங்கே இருப்பீர்கள்? கொட்டகையிலிருந்து நூறு மீட்டரில் நின்றால் அது எரிச்சல், அவ்வளவுதான். மலைச்சரிவில், இருட்டியபின், பின்னால் ஒரு மானை ஏற்றிக்கொண்டு இருக்கும்போது நின்றால் அதன் பெயர் வேறு. நம்பகத்தன்மை என்ற சொல்லுக்கு இந்த இரண்டு இடங்களிலும் ஒரே பொருள் இல்லை.

முற்றிலும் புதியவர்களுக்காக ஒரு சிறு அறிமுகம். சைட்-பை-சைட், அல்லது யுடிவி, என்பது இருவரோ மூவரோ அருகருகே உட்கார்ந்து, கார்போல ஸ்டியரிங் பிடித்து ஓட்டும் கரடுமுரடுப் பாதை வண்டி. பைக்கைப்போலக் கால்களை இருபுறமும் போட்டு உட்கார்ந்து ஓட்டும் ஏடிவி வேறு. யுடிவியில் தலைக்குமேல் உருள்காப்புச் சட்டமும், சீட் பெல்ட்டும், பின்னால் சாய்த்துக் கொட்டக்கூடிய சுமைப்பெட்டியும் இருக்கும். கவாசாகி 1988-இல் கொண்டுவந்த மியூல் இந்த வகையின் முன்னோடிகளில் ஒன்று. பல வேலைகளுக்கான இலகுரக இயந்திரம் என்று பொருள்தரும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளே அந்தப் பெயர். கோவேறு கழுதை என்ற பொருளும் கூடவே வந்து ஒட்டிக்கொண்டது. போலாரிஸ் ரேஞ்சர் 1998-இல் வந்தது. பிறகு யமஹா, ஹோண்டா, குபோட்டா, ஜான் டியர், கேன்-ஆம் என்று வரிசை நீண்டது. மணல்மேட்டில் பறப்பதற்கென்றே செய்யப்படும் விளையாட்டு ரக வண்டிகளும் சந்தையில் உண்டு. இந்தக் கட்டுரையில் அவற்றுக்கு இடமில்லை.

முதல் படி: ஒரு மாத வேலையைத் தாளில் எழுதுங்கள்

விளம்பரத்தைப் பார்ப்பதற்கு முன் இதைச் செய்யுங்கள். எத்தனை கிலோ சுமை, எத்தனை முறை? டிரெய்லர் இழுக்க வேண்டுமா? நிலம் சமதளமா, ஏற்றமா? புழுதியா, சேறா? ஓட்டப்போவது நீங்கள் மட்டுமா, வேலைக்கு வரும் நான்கு பேருமா? கடைசிக் கேள்வி சாதாரணமாகத் தோன்றும். ஆனால் பலர் கைமாறி ஓட்டும் வண்டியில் கியரைச் சரியாகப் போடாமல் ஓட்டுவதுதான் முதல் எதிரி. அப்படிப்பட்ட இடத்தில் தவறைப் பொறுத்துக்கொள்ளும் இயந்திரமே நல்ல இயந்திரம்.

வேட்டைக்கான கணக்கு வேறு. வேட்டைக்கு உரிமம் உள்ள இடத்தில், உரிய பருவத்தில், ஆண்டுக்குப் பத்து இருபது நாட்கள்தான் வண்டி ஓடும். மீதி நாட்கள் சும்மா நிற்கும். சும்மா நிற்பதால் வரும் கோளாறுகள் தனி ரகம்: பேட்டரி இறங்கிப்போகும், பெட்ரோல் கெட்டுப்போகும், எலி ஒயரைக் கடிக்கும். தினமும் ஓடும் பண்ணை வண்டியைவிட, மூடி வைக்கப்பட்ட வேட்டை வண்டி விடியற்காலையில் கிளம்ப மறுப்பதை நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

இரண்டாம் படி: என்ஜினை விடுங்கள், கியர் அமைப்பைப் பாருங்கள்

கடையில் விற்பவர் குதிரைத்திறனைப் பற்றிப் பேசுவார். பேசட்டும். இன்றைய என்ஜின்கள், சுத்தமான காற்றும் நேரத்துக்கு ஆயிலும் கிடைத்தால், பெரும்பாலும் நம்மைக் கைவிடுவதில்லை. என்ஜின் சக்தியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் வழிதான் வண்டிக்கு வண்டி வேறுபடுகிறது. என் கணக்கில் நம்பகத்தன்மை ஒப்பீட்டில் பாதி இங்கேயே முடிந்துவிடும்.

பெரும்பாலான வண்டிகளில் இருப்பது சிவிடி என்ற ரப்பர் பெல்ட் அமைப்பு. இரண்டு கூம்புக் கப்பிகள், நடுவில் ஒரு பட்டையான பெல்ட். என்ஜின் வேகம் கூடக்கூட முன் கப்பி நெருங்கிப் பெல்ட்டை இறுக்கிப் பிடித்து மேலே தள்ளும். வேக விகிதம் தானாக மாறும். ஓட்டுவதற்கு இதைவிட எளிதானது இல்லை. ரேஞ்சர், கேன்-ஆமின் டிஃபென்டர், மியூல், ஜான் டியர் கேட்டரின் பெரும்பாலான மாடல்கள் எல்லாம் இந்த வழிதான்.

இதன் பலவீனம் சூடு. கனமான டிரெய்லரை மாட்டிக்கொண்டு, வேகமாகப் போவதற்கான ஹை கியரில், நடை வேகத்தில் ஏற்றத்தில் ஊர்ந்தால் கப்பிக்கு நடுவில் பெல்ட் வழுக்கும். வழுக்கினால் சூடேறும், சூடேறினால் ரப்பர் பளபளப்பாகி இன்னும் வழுக்கும். எரிந்த ரப்பர் வாடை மூக்கில் ஏறும்போது பாதிச் சேதம் முடிந்திருக்கும். மருந்து ஒன்றுதான்: சுமை, ஏற்றம், பின்னால் எடுத்தல், மணிக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்குக் குறைவான வேகம் என எது வந்தாலும் இழுவைக்கான லோ கியர். "பெல்ட் வண்டி மோசம்" என்று சலித்துக்கொள்பவர்களிடம் லோ கியரை எப்போது போடுவீர்கள் என்று கேட்டுப்பாருங்கள். சேற்றில் மாட்டினால் போடுவேன் என்பார்கள். அதற்குள் காலம் கடந்துவிட்டிருக்கும்.

தண்ணீர் இன்னொரு பலவீனம். ஆழமான ஓடையைக் கடக்கும்போது பெல்ட் உறைக்குள் நீர் புகுந்தால் என்ஜின் இரையும், வண்டி நகராது. பயப்பட வேண்டியதில்லை. உறையின் அடியில் உள்ள வடிகால் மூடியைத் திறந்து நீரை வடித்துவிட்டு, நியூட்ரலில் வைத்துச் சிறிது நேரம் என்ஜினை முடுக்கினால் காய்ந்துவிடும்.

பெல்ட்டிலேயே யமஹாவின் வழி சற்று மாறுபட்டது. வைக்கிங் போன்ற அதன் வண்டிகளில் பெல்ட் எப்போதும் இழுவிசையிலேயே இருக்கும். வண்டி கிளம்பும்போது ஏற்படும் வழுக்கலை ஆயிலில் ஊறிய தனிக் கிளட்ச் ஒன்று ஏற்றுக்கொள்கிறது. பெல்ட்டை அதிகம் கொல்வது நின்ற நிலையிலிருந்து கிளம்பும் அந்தக் கணம்தான் என்பதால் இது புத்திசாலித்தனமான ஏற்பாடு. இறக்கத்தில் என்ஜினே வண்டியைப் பிடித்து நிறுத்துவதும் இதனால் நன்றாக இருக்கும்.

ஹோண்டா பெல்ட்டையே தவிர்த்துவிட்டது. பயனியர் 700-இல் காரில் இருப்பதுபோன்ற டார்க் கன்வெர்ட்டருடன் மூன்று வேகத் தானியங்கிக் கியர்பெட்டி. 2016 மாடலாக அறிமுகமான பயனியர் 1000-இல் இரட்டைக் கிளட்சுடன் ஆறு வேகக் கியர்பெட்டி. எரிந்துபோக ரப்பர் இல்லை, உறைக்குள் தண்ணீர் புகுமோ என்ற கவலை இல்லை. பதிலுக்கு, ஆயிலைக் குறித்த நேரத்தில் மாற்றியே தீர வேண்டும். என்றாவது கியர்பெட்டி கெட்டுப்போனால் பெல்ட்டைப்போல வழியில் அரை மணி நேரத்தில் மாற்றிவிட்டு வர முடியாது. வண்டி பட்டறைக்குத்தான் போகும். அடிக்கடி வரும் சின்னப் பழுதா, எப்போதோ வரும் பெரிய பழுதா என்பது இங்கே நீங்கள் எடுக்க வேண்டிய முடிவு. ஊரைவிட்டு வெகுதூரம் போகிறவர்களில் சிலர் இந்தக் காரணத்துக்காகவே பெல்ட்டை விரும்புவது எனக்குப் புரிகிறது.

குபோட்டாவின் ஆர்டிவி டீசல் மாடல்களில் ஹைட்ரோஸ்டாட்டிக் அமைப்பு. டிராக்டர் செய்பவர்களின் யோசனை அது. பம்ப் ஆயிலை அழுத்த, அந்த அழுத்தத்தில் மோட்டார் சுழலும். பெடலை எடுத்தால் இறக்கத்தில் வண்டி தானே நிற்கப் பார்க்கும். எக்ஸ்1100சி போன்ற மாடல்களின் உச்ச வேகமே மணிக்குச் சுமார் 40 கிலோமீட்டர்தான். சத்தமும் உண்டு, ஓட்டமும் மந்தம். ஆனால் நாள் முழுக்க முன்னும் பின்னுமாக ஊர்ந்து வேலை செய்ய, பலர் கைமாறி ஓட்ட, இதைவிடப் பொறுமையான இயந்திரத்தை நான் கண்டதில்லை. வேட்டைக்கு இதை எடுத்துப் போகிறேன் என்றால், மிருகம் உங்களை ஒரு கிலோமீட்டருக்கு முன்பே கேட்டுவிடும் என்பதை மட்டும் மனத்தில் வையுங்கள்.

இங்கே பலர் இடறும் ஓர் இடம் உண்டு. டீசல் என்றால் பெல்ட் இருக்காது என்று நினைத்துவிடுகிறார்கள். ஜான் டியர் கேட்டரின் டீசல் மாடல்களிலும் கவாசாகி மியூல் புரோ டீசலிலும் உள்ளே இருப்பது பெல்ட் சிவிடிதான். எரிபொருள் ஒரு தேர்வு, கியர் அமைப்பு வேறொரு தேர்வு. இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள்.

மின்சார வண்டி வேண்டும் என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2021 டிசம்பரில் அறிவிக்கப்பட்ட போலாரிஸ் ரேஞ்சர் கினெட்டிக்கில் 110 குதிரைத்திறன். பெல்ட்டும் இல்லை, என்ஜின் ஆயிலும் இல்லை. வேட்டைக்காரருக்கு அதன் மௌனம் பெரிய வரம். பெரிய பேட்டரி கொண்ட மாடலுக்கு நிறுவனம் சொன்ன தூரம் சுமார் 130 கிலோமீட்டர், சிறியதற்குச் சுமார் 70. கடுங்குளிரும் சுமையும் ஏற்றமும் அந்த எண்ணைக் கடித்துக்கொண்டே போகும். இரவு கொட்டகைக்குத் திரும்பிச் சார்ஜ் போட முடிந்தால் நல்ல வேலை வண்டி. மூன்று நாள் முகாமுக்கு நான் எடுத்துப்போக மாட்டேன்.

மூன்றாம் படி: சுமை எண்களைக் கழித்துப் பாருங்கள்

பெரிய ரக வண்டிகளில் பலவற்றின் சுமைப்பெட்டிக்கு 1,000 பவுண்டு, அதாவது சுமார் 454 கிலோ என்று எழுதியிருப்பார்கள். ரேஞ்சர் எக்ஸ்பி 1000, டிஃபென்டர் போன்றவை இழுக்கும் அளவு 2,500 பவுண்டு, ஏறத்தாழ 1,130 கிலோ. யமஹா வைக்கிங்கின் பெட்டிக்கு 600 பவுண்டு, சுமார் 270 கிலோதான்.

பெட்டியின் அளவு ஒன்று, மொத்த வண்டி தாங்கும் அளவு இன்னொன்று. மொத்த அளவிலிருந்து ஓட்டுநர், பக்கத்தில் உட்காருபவர், பிறகு பூட்டிய கண்ணாடிக் கூண்டு, வின்ச் (மாட்டிக்கொண்ட வண்டியை வடம் சுற்றி இழுக்கும் கருவி), கருவிப்பெட்டி எல்லாவற்றின் எடையையும் கழித்தால் மிஞ்சுவதுதான் உங்கள் சுமை. கையேட்டின் முதல் பக்கங்களில் இது இருக்கும், யாரும் படிப்பதில்லை.

கண்ணும் ஏமாற்றும். பெரிய ரக வண்டியின் பெட்டி ஏறத்தாழ மூன்றில் ஒரு கன மீட்டர் கொள்ளும். ஈரமணல் ஒரு கன மீட்டர் இரண்டு டன்னை ஒட்டி வரும். ஆக, விளிம்பு வரை ஈரமணல் நிரப்பினால் 600 கிலோவைத் தாண்டிவிட்டது. பெட்டி கொள்கிறது என்பதற்காக வண்டி தாங்கும் என்று அர்த்தமில்லை. அந்தக் கூடுதல் 150 கிலோ அன்றைக்கே எதையும் உடைக்காது. வீல் பேரிங்கையும் சஸ்பென்ஷன் புஷ்ஷையும் ஓசைப்படாமல் தின்னும், ஆறு மாதம் கழித்துப் பழி கம்பெனிமேல் விழும். மருந்து தெளிக்கும் தொட்டி வைப்பவர்கள், பாதி நிரம்பிய தொட்டியில் நீர் பக்கவாட்டில் அலைந்து சரிவில் வண்டியைக் கவிழ்க்கப் பார்க்கும் என்பதையும் கணக்கில் எடுக்கவும்.

நான்காம் படி: திரும்ப அழைப்பு வரலாற்றைத் தேடுங்கள்

பழுதுக்கும் ஆபத்துக்கும் நடுவில் உள்ள கோடு மெல்லியது. அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் தன் இணையதளத்தில் திரும்ப அழைப்புகள் எல்லாவற்றையும், அதாவது குறையுள்ள வண்டிகளைச் சரிசெய்ய நிறுவனமே வரவழைக்கும் அறிவிப்புகளை, வெளியிடுகிறது. அங்கே விற்கும் மாடல் உங்கள் நாட்டிலும் விற்கிறதென்றால் அதைப் படிப்பது பயன்தரும்.

இரண்டு பழைய கதைகளைத் தெரிந்துகொள்ளுங்கள். யமஹா ரைனோ விபத்துகளில், பெரும்பாலும் வண்டி கவிழ்ந்து, நேர்ந்த 46 மரணங்களை அந்த ஆணையம் ஆராய்ந்தது. 2009 மார்ச்சில் யமஹா இலவசப் பழுதுநீக்கத் திட்டம் ஒன்றை அறிவித்தது: பின்சக்கரங்களை அகலப்படுத்தும் இடைவளையங்களைப் பொருத்தி, பின்பக்கச் சாய்வுத் தடுப்புக் கம்பியைக் கழற்றிவிடுவது. பழைய ரைனோ ஒன்று கைக்கு வந்தால் இந்த வேலை நடந்ததா என்று பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். அடுத்தது போலாரிஸ். ஆர்இஸட்ஆர், ரேஞ்சர் மாடல்கள் சிலவற்றில் தீப்பிடிக்கும் அபாயமுள்ள குறைபாடுகளை உடனே தெரிவிக்கவில்லை என்ற குற்றச்சாட்டில் 2018-இல் 2.725 கோடி டாலர் அபராதம் செலுத்த அந்த நிறுவனம் ஒப்புக்கொண்டது.

இதைச் சொல்வது அந்த வண்டிகளை ஒதுக்கச் சொல்வதற்காக அல்ல. ரேஞ்சர் நன்றாக உழைப்பதை நானே பார்த்திருக்கிறேன். சேசிஸ் எண்ணைக் கொடுத்து, இதன்மேல் நிலுவையில் உள்ள திரும்ப அழைப்பு ஏதாவது உண்டா என்று டீலரிடம் கேட்பது ஐந்து நிமிட வேலை. அந்த ஐந்து நிமிடத்தைச் செலவழியுங்கள் என்கிறேன்.

ஐந்தாம் படி: டீலரை அல்ல, அவருடைய பட்டறையைப் பார்வையிடுங்கள்

ஷோரூமைத் தாண்டி உதிரிபாக ஜன்னலுக்குப் போங்கள். அந்த மாடலுக்கான பெல்ட், ஆயில் ஃபில்டர், முன்சக்கர டிரைவ் ஷாஃப்ட் ஆகிய மூன்றும் இப்போது கையிருப்பில் உள்ளனவா என்று கேளுங்கள். டிரைவ் ஷாஃப்ட் வரவழைக்க ஆறு வாரம் என்றால், அறுவடைக் காலத்திலோ வேட்டைப் பருவத்திலோ அது எப்படிப்பட்ட ஆறு வாரமாக இருக்கும் என்று யோசியுங்கள். புதிதாகச் சந்தைக்கு வந்த நிறுவனங்களின் வண்டிகள் வசதிகளைக் கொட்டிக் கொடுக்கும்; இந்த ஜன்னலில்தான் அவற்றின் நிறம் வெளுக்கும்.

முடிந்தால் மெக்கானிக்கிடம் ஒரு தேநீர் நேரம் பேசுங்கள். "எது நல்ல வண்டி" என்று கேட்டால் மழுப்புவார். "எந்த மாடலுக்கு அதிகமாகப் பெல்ட் மாற்றுகிறீர்கள், யாருடைய வண்டி?" என்று கேட்டால் மனம் திறப்பார். வாடகைக்கு விடுபவர்களிடமும் பூங்கா, வனத்துறை போன்றவற்றின் வண்டிகளைப் பராமரிப்பவர்களிடமும் கேட்பது இன்னும் நல்லது. இணையத்தில் எழுதுபவர்களில் பெரும்பாலோர் இரண்டு வகை: நேற்று வாங்கிய பெருமிதத்தில் எழுதுபவர், நேற்று உடைந்த கோபத்தில் எழுதுபவர்.

உத்தரவாதப் பத்திரத்தில் ஒரு வரியைத் தேடுங்கள்: வணிகப் பயன்பாடு. கூலிக்கு வேலை செய்யும் வண்டி என்று தெரிந்தால் சில நிறுவனங்கள் காலத்தைக் குறைக்கும், சிலவற்றில் உத்தரவாதமே செல்லாது.

ஆறாம் படி: பழையதானால் பல்லைப் பிடித்துப் பாருங்கள்

தானமாக வந்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். காசு கொடுத்து வாங்குவதை வாய் முழுக்கத் திறந்து பார்க்கலாம்.

முதலில் மீட்டர். இந்த வண்டிகள் கிலோமீட்டரோடு ஓடிய மணி நேரத்தையும் காட்டும். ஒன்றை மற்றொன்றால் வகுத்துப் பாருங்கள். 600 மணி நேரம், 6,000 கிலோமீட்டர் என்றால் சராசரி மணிக்கு 10. ஊர்ந்து, நின்று, இழுத்து வேலை செய்த வண்டி. அதே 600 மணி நேரத்தில் 15,000 கிலோமீட்டர் என்றால் சராசரி 25. யாரோ விரட்டி ஓட்டியிருக்கிறார். கிலோமீட்டர் குறைவு என்று மட்டும் விளம்பரம் செய்பவரிடம் மணி நேரத்தைக் கேளுங்கள்.

அடுத்தது, என்னைப் பொறுத்தவரை எல்லாவற்றையும்விட முக்கியமானது: காற்று. ஏர் ஃபில்டர் மூடியைத் திறந்து ஃபில்டரை எடுத்துவிட்டு, அதற்குப் பின்னால் என்ஜினுக்குப் போகும் குழாயின் உட்புறத்தை வெள்ளைத் துணி சுற்றிய விரலால் துடையுங்கள். துணியில் புழுதி வந்தால் வண்டியை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்கு வாருங்கள். விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். மண்ணில் உள்ள சிலிக்கா துகள் உப்புத்தாள்போல வேலை செய்யும். சிலிண்டர் சுவரையும் பிஸ்டன் வளையத்தையும் தேய்த்து, அழுத்தத்தை இறக்கி, ஆயிலைப் புகையாக்கும்.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. நான் வாங்கிய முதல் வண்டி நன்றாகக் கழுவி, சக்கரத்துக்குக் கறுப்பு மெருகு போட்டு நின்றது. டயரைத் தட்டிப் பார்த்தேன், இருக்கையைத் தடவிப் பார்த்தேன், கையெழுத்துப் போட்டேன். ஃபில்டர் பெட்டியின் ஒரு கொக்கி உடைந்திருந்தது. முந்தைய உரிமையாளர் அதைப் பிளாஸ்டிக் பட்டையால் கட்டி வைத்திருந்தார். அந்த இடுக்கு வழியாக எத்தனை பருவப் புழுதி உள்ளே போயிருந்ததோ. அடுத்த பருவத்திலேயே நீலப்புகை. என்ஜினைப் பிரித்த மெக்கானிக் சிலிண்டரைக் காட்டி ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது. ஒரு சிறு பிளாஸ்டிக் கொக்கிக்காக முழு என்ஜின் வேலை பார்த்தேன்.

பிறகு ஆயில்கள். என்ஜின் ஆயில், கியர்பெட்டி ஆயில், முன்சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துத் தரும் முன் டிஃபரன்ஷியலின் ஆயில் மூன்றையும் பாருங்கள். பாலாடைபோல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. முன் டிஃபரன்ஷியலை யாரும் திறந்து பார்ப்பதில்லை, அதனால்தான் அது உண்மை பேசும். எல்லா வண்டிக்கும் ஒரே ஆயில் போதும் என்பவரை நம்ப வேண்டாம். உதாரணமாக, போலாரிஸின் முன் கியருக்கென்று தனித் திரவம் உண்டு; வேறு எதையாவது ஊற்றினால் நான்கு சக்கர இழுவை சரியாகப் பிடிக்காமல் போகலாம்.

வண்டியை ஜாக்கில் தூக்கி ஒவ்வொரு சக்கரத்தையும் மேலும் கீழும், பிறகு பக்கவாட்டிலும் ஆட்டுங்கள். கடகடவென்றால் பேரிங், பால் ஜாயிண்ட், புஷ் மூன்றில் ஒன்று போய்விட்டது; அது விலையில் பேசித் தீர்க்கக்கூடிய விஷயம். டிரைவ் ஷாஃப்டின் ரப்பர் உறைகள் கிழிந்திருந்தால் கிரீஸ் வெளியேறி மண் உள்ளே போயிருக்கும். ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பி மெதுவாக ஓட்டும்போது டக், டக் என்றால் மூட்டே தேய்ந்துவிட்டது. ரேடியேட்டரின் இடுக்குகளில் டார்ச் அடித்துப் பாருங்கள்; காய்ந்த சேறும் புல் விதையும் அடைத்திருந்தால் வண்டி எப்படி வளர்க்கப்பட்டது என்று தெரிந்துவிடும்.

கடைசியாக, குளிர்ந்த என்ஜினை நீங்களே கிளப்பிப் பாருங்கள். நீங்கள் வருவதற்குள் ஓட்டிச் சூடேற்றி வைத்திருந்தால், இன்னொரு நாள் காலையில் வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள்.

ஏழாம் படி: அலங்காரத்தில் அடக்கம்

நம்பகமான வண்டியை நம்பகமற்றதாக்கும் குறுக்குவழி, வாங்கிய முதல் மாதத்திலேயே தொடங்கும் மாற்றங்கள். பெரிய டயர் போட்டால் கியர் விகிதம் மாறுகிறது, பெல்ட்டின் பாரம் ஏறுகிறது. வண்டியை உயர்த்தினால் டிரைவ் ஷாஃப்டின் மூட்டு சாய்ந்த கோணத்தில் சுழன்று சீக்கிரம் தேய்கிறது. நான்கு விளக்கு, ஒலிபெருக்கி, சூடேற்றி, வின்ச் என்று எல்லாவற்றையும் ஒரே பேட்டரியில் தொங்கவிட்டால், என்ஜின் உற்பத்தி செய்யும் மின்சாரம் போதாமல் விடியற்காலையில் ஸ்டார்ட்டர் முனகும். ஒயரின் தோலைச் சீவி முறுக்கி டேப் சுற்றிய இணைப்புகளில்தான் பாதி மின்கோளாறுகள் பிறக்கின்றன. ஒவ்வொரு துணைக்கருவிக்கும் தனி ஃபியூஸும் ரிலேயும் வைத்து, நீர்புகா இணைப்பான் போட்டுச் செய்யுங்கள்.

வேட்டைக்குப் போகிறவர்கள் வாங்கத் தகுந்தவை என்று நான் நினைப்பது வின்ச் ஒன்று, துப்பாக்கியை அதிராமல் பிடிக்கும் நல்ல தாங்கி ஒன்று. துப்பாக்கியில் தோட்டா இல்லாமல்தான் வண்டியில் ஏற்ற வேண்டும். பல இடங்களில் சட்டமே அப்படித்தான். வண்டியின் அகலத்தையும் வாங்குமுன் அளந்துகொள்ளுங்கள். சில பாதைகளில் 50 அங்குலத்துக்கு மேல் அனுமதியில்லை, பெரிய ரகங்களோ 60 அங்குலத்தைத் தாண்டும்.

எட்டாம் படி: முதல் 25 மணி நேரம்

புது பெல்ட் கப்பியோடு பழக வேண்டும். முதல் நாட்களில் முழு முடுக்கு வேண்டாம், அதிகச் சுமை வேண்டாம், ஒரே வேகத்தில் நெடுநேரம் ஓட்டவும் வேண்டாம். முதல் சர்வீஸைத் தள்ளிப்போடாதீர்கள். போலாரிஸில் அது 25 மணி நேரம், குபோட்டாவில் 50. உங்கள் கையேடு சொல்வதே கணக்கு. புது என்ஜினும் கியரும் உதிர்க்கும் உலோகத்தூள் அந்த முதல் ஆயிலோடுதான் வெளியேறுகிறது.

புழுதியில் ஓடும் வண்டிக்குக் கையேட்டில் உள்ள காலத்தைப் பாதியாக்குங்கள். காகித ஃபில்டரைக் காற்றழுத்தக் குழாயால் ஊதிச் சுத்தம் செய்யும் பழக்கத்தை விடுங்கள். கண்ணுக்குத் தெரியாத ஓட்டை விழும். அழுக்கானால் புதியதைப் போடுங்கள். ரேடியேட்டரைக் கழுவும்போது உயரழுத்த நீரை வைத்து அதன் மெல்லிய தகடுகளை மடக்கிவிடாதீர்கள், அழுக்கை உட்பக்கத்திலிருந்து வெளியே தள்ளுங்கள். பருவம் முடிந்து மூடி வைக்கும்போது பெட்ரோல் கெடாமல் காக்கும் நிலைப்படுத்தியை அதில் கலந்து பத்து நிமிடம் ஓடவிட்டு, பேட்டரியை மெதுவாகச் சார்ஜ் ஏற்றும் சார்ஜரில் மாட்டுங்கள். காற்றுக்குழாயின் வாயில் எலி கூடு கட்டாதபடி ஒரு துணியை அடைத்து வையுங்கள். அதை எடுக்க மறக்காமலிருக்கச் சாவியில் ஒரு சீட்டுக் கட்டுங்கள், நான் மறந்திருக்கிறேன்.

பெல்ட் வண்டி வாங்கினால் இன்னும் ஒன்று. மாற்றுப் பெல்ட்டையும் அதற்கான கருவியையும் வாங்கி, முதல் வாரத்திலேயே, வீட்டில், வெளிச்சத்தில், கையேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஒருமுறை நீங்களே கழற்றி மாட்டிப் பாருங்கள். முதல் தடவை இரண்டு மணி நேரம் ஆகும், விரல் நசுங்கும், ஒரு போல்ட் உருண்டு எங்காவது போகும். அதே போல்ட்டைக் காட்டில் இருட்டில் தேடுவதைவிட இது பரவாயில்லை. எந்த அளவு சாக்கெட் தேவைப்பட்டது என்று உறையின் உட்புறத்தில் அழியாத மையால் எழுதி வையுங்கள். பெல்ட், கருவி, தலையில் மாட்டும் விளக்கு மூன்றையும் ஒரே பையில் போட்டு இருக்கைக்கு அடியில் வைத்துவிடுங்கள்.